மணியும் மதிப்பெண்ணும் யார் கையில்?

எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒரு மாணவி இரத்தசோகையை எங்கெங்கே படிக்கிறாள் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலாண்டில் பிசியாலஜி ஆய்வகத்தில் தன் விரலையே குத்தி ஹீமோகுளோபின் அளவு பார்க்கிறாள். அதே ஆண்டு பயோகெமிஸ்ட்ரி வகுப்பில், இரும்புச்சத்தை முன்சிறுகுடல் எப்படி உறிஞ்சுகிறது என்று படம் போட்டுப் பாகங்களைக் குறிக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை அடுத்த ஆண்டு பார்மகாலஜியில் வருகிறது. சிறுத்து வெளிறிய சிவப்பணுக்களைப் பேத்தாலஜியில் பார்க்கிறாள்; இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவை மைக்ரோபயாலஜியில் பார்க்கிறாள். எத்தனை பெண்களுக்கு இந்தக் குறை இருக்கிறது என்ற கணக்கு சமூக மருத்துவத்தில். கடைசி ஆண்டில் மகப்பேறு வார்டில் ஒரு கர்ப்பிணியின் கீழிமையை இழுத்து வெளிறல் பார்க்கும்போது, முதலாண்டில் போட்ட அந்தப் படம் அவளுக்கு மறந்தே போயிருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் பிசியாலஜி கற்பித்தே என் பணிக்காலம் போயிற்று. ஒரே நோயை ஏழு துறைகள் பங்கு பிரித்துக்கொண்டு நடத்துவதை அன்றாடம் பார்த்தவள் நான். இந்தப் பாகப்பிரிவினை எப்போது நடந்தது, அதை மாற்ற யார் முயன்றார்கள், எங்கே பலித்தது, எங்கே பலிக்காமல் போனது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று தெளிவாயிற்று. ஒருங்கிணைந்த பாடத்திட்டம் என்று பேசிய இடங்களிலெல்லாம் அதன் தலையெழுத்தை முடிவுசெய்தவை இரண்டே கேள்விகள். வகுப்பு நேரம் யாருக்குச் சொந்தம்? தேர்வு யாருக்குச் சொந்தம்?

பிரிந்த கதை

சென்னையில் 1835 பிப்ரவரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது இந்தப் பிரிவினை இல்லை. அரசு பொது மருத்துவமனையோடு ஒட்டி நடந்த பள்ளி அது. கம்பெனி அரசுக்குத் தேவைப்பட்ட அப்போதிகரிகளையும் டிரெஸ்ஸர்களையும் பயிற்றுவிப்பதே அதன் வேலை. மருந்து கலப்பதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் நோயாளியின் பக்கத்தில் நின்றே கற்கவேண்டிய தொழில்கள். 1850இல் அந்தப் பள்ளி மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் ஆனது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. பட்டம் வந்தால் பாடவாரியாகத் தாள் வரும், தாளுக்கு ஒரு தேர்வாளர் வருவார், தேர்வாளருக்குப் பின்னால் ஒரு துறை வரும். அனாடமிக்கென்று எழும்பிய செங்கல் கட்டடத்தை மாணவர்கள் இன்றைக்கும் ரெட் ஃபோர்ட் என்றுதான் சொல்கிறார்கள். பொது மருத்துவமனையின் வார்டுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அந்தக் கோட்டைக்குள் இருக்கும் மாணவருக்கு அங்கே வேலை இல்லை என்றாயிற்று.

நம் பட்டங்கள் லண்டனில் செல்லவேண்டும் என்பதால், அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் கேட்டபடியே பாடங்கள் அமைந்தன. மகப்பேறுப் பயிற்சி போதாது என்று சொல்லி 1930இல் அந்தக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்திக்கொண்டது. அந்த அவமானத்தின் விளைவுதான் 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம். அதிகாரம் லண்டனிலிருந்து இங்கே வந்தது. முதலில் உடல், பிறகு நோய், கடைசியில் நோயாளி என்ற வரிசை அப்படியே தங்கிவிட்டது.

அமெரிக்காவில் இதே வரிசைக்கு அறிவியலின் முத்திரை குத்தியவர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். இவர் மருத்துவர் அல்லர். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். கார்னெகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து 1910இல் அறிக்கை எழுதினார். பல பள்ளிகளில் ஆய்வகமும் இல்லை, நோயாளியும் இல்லை. கட்டணம் கட்டினால் பட்டம் என்ற நிலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டி, இரண்டாண்டு ஆய்வக அறிவியல், இரண்டாண்டு மருத்துவமனை என்று அவர் வகுத்தார். தரங்கெட்ட பள்ளிகள் மூடப்பட்டன. கூடவே, கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. அந்த இழப்பை அந்தச் சமூகம் பல தலைமுறைகள் சுமந்தது.

ஃபிளெக்ஸ்னரை ஒரேயடியாகக் குறை சொல்ல நான் வரவில்லை. மருத்துவம் அறிவியலின் மேல் நிற்கவேண்டும் என்று அவர் சொன்னதில் எள்ளளவும் தவறில்லை. வார்டிலும் ஆய்வகத்தைப் போலவே யோசிக்கவேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். நடைமுறையில் அந்த இரண்டாண்டுக்கும் இந்த இரண்டாண்டுக்கும் நடுவே சுவர் எழுந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒவ்வொரு துறையும் தனக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணத் தொடங்கியது. மணிக்கணக்கே துறையின் மரியாதை ஆனது.

கிளீவ்லாந்து, 1952

அந்தக் கணக்கை முதலில் கலைத்துப் போட்டவர்கள் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் இருந்த வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார். அங்கே 1945இல் டீனாகப் பொறுப்பேற்றவர் ஜோசப் வேர்ன். எங்களைப் போன்ற பிசியாலஜிக்காரர்களுக்கு அவர் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரியும். 1920களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். தவளைச் சிறுநீரகத்தின் ஒற்றை குளோமெருலஸுக்குள் இழைபோன்ற கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, அங்கே வடிந்த துளித் திரவத்தை எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். சிறுநீர் உருவாவது வடிகட்டலில்தான் தொடங்குகிறது என்பதற்கு நேரடிச் சான்று அதில் கிடைத்தது. 1924இல் அதை வெளியிட்டார்கள். சிறுநீரகப் பாடத்தை நான் எப்போதும் அந்தத் தவளையிலிருந்தே தொடங்குவேன். வேர்ன் அப்படிப்பட்ட ஆய்வாளர். கூடவே வார்டில் மருத்துவம் கற்பித்த பேராசிரியர். சுவரின் இரண்டு பக்கமும் அவருக்கு வீடு இருந்தது.

அவரும் ஹேல் ஹாம் போன்ற சக பேராசிரியர்களும் பல ஆண்டுகள் பேசித் திட்டமிட்டு, 1952இல் சேர்ந்த முதலாண்டு வகுப்போடு புதிய பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் உடலின் இயல்பான அமைப்பும் இயக்கமும். இரண்டாம் கட்டத்தில் அவை பழுதாகும் விதம். மூன்றாம் கட்டத்தில் வார்டுப் பயிற்சி. முதல் இரண்டு கட்டங்களில் பாடத்தின் பெயர் அனாடமியோ பிசியாலஜியோ அல்ல; இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்பு மண்டலங்களே பாடங்கள்.

இதுவரை சொன்னதைப் பல நூல்களில் படிக்கலாம். என்னைக் கட்டிப்போட்டது இதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. ஒவ்வொரு உறுப்பு மண்டலத்துக்கும் ஒரு பாடக் குழு. இதயக் குழுவென்றால் அதில் அனாடமிக்காரர், பிசியாலஜிக்காரர், பயோகெமிஸ்ட்ரிக்காரர், பேத்தாலஜிக்காரர், மருத்துவர் எல்லாரும் இருப்பார்கள். அந்த வாரங்களின் நேரம் முழுவதும் குழுவின் கையில். எந்தத் துறைக்கும் தனக்கென்று ஒரு மணி நேரமும் கிடையாது. பாடத்திட்டம் கல்லூரியின் ஆசிரியர் சபை முழுமைக்கும் உரியது, துறைத் தலைவர்களுக்கு உரியதல்ல என்பதை முதலில் ஏற்கச் செய்து, பிறகே மற்ற வேலைகளில் இறங்கினார்கள். தேர்வும் அப்படியே. அனாடமித் தாள், பிசியாலஜித் தாள் என்று எதுவும் இல்லை. குழுக்கள் கூடி ஒரே தேர்வாக நடத்தின. தேர்ச்சி உண்டா இல்லையா என்பதே முடிவு, தரவரிசை இல்லை.

ஆய்வகத்தையும் மாற்றினார்கள். அதுவரை மாணவர்கள் துறை துறையாகச் சென்று வந்தார்கள். கிளீவ்லாந்தில் ஒவ்வொரு மாணவருக்கும் நிலையான ஒரு மேசை கொடுத்தார்கள். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், நாய் இதயத்தின் அழுத்தத்தை அளப்பதும், கிருமி வளர்ப்பதும் அந்த மேசையில்தான். துறைகளின் ஆசிரியர்கள் அங்கே வந்து கற்பித்தார்கள். இதற்கான செலவுக்குக் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளை பணம் கொடுத்தது.

முதலாண்டில் சேர்ந்த மாணவருக்கு ஒரு குடும்பத்தையும் ஒப்படைத்தார்கள். பெரும்பாலும் அது ஒரு கர்ப்பிணியின் குடும்பம். அவள் பரிசோதனைக்கு வரும்போது மாணவர் கூட இருக்கவேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும், பிரசவத்தின்போது பக்கத்தில் நிற்கவேண்டும், பிறகு குழந்தை வளர்வதைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். அந்த மாணவருக்கு அப்போது வைத்தியம் எதுவும் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் கவனிக்கவும் மட்டும் முடியும். ஆனால் கருவின் இரத்த ஓட்டத்தைப் படிக்கும் வாரத்தில் அவர் மனதில் ஒரு முகம் இருக்கும். குழந்தை வளர்ப்பு நூலால் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பெஞ்சமின் ஸ்பாக் 1955இல் இந்தக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார் என்பது இந்தச் சூழலுக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

மணியையும் மதிப்பெண்ணையும் துறைகள் ஒருசேர விட்டுக்கொடுத்ததால்தான் கிளீவ்லாந்து நின்றது. உறுப்பு மண்டலப் பாடங்களை மற்றக் கல்லூரிகள் வேகமாகப் பின்பற்றின. தேர்வைத் துறைகளிடமே விட்டுவைத்த இடங்களில் பழைய வகுப்புகள் புதிய பெயரில் தொடர்ந்தன.

புதிதாகப் பிறந்த கல்லூரிகள்

பழைய வீட்டில் சுவரை இடிப்பதைவிடச் சுவரே இல்லாமல் புது வீடு கட்டுவது எளிது. கனடாவின் ஹாமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அப்படிப்பட்டது. முப்பதுகளின் நடுவில் இருந்த ஜான் எவன்ஸ் 1960களின் நடுவில் அதற்கு முதல் டீனானார். 1969இல் சுமார் 20 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. அங்கே விரிவுரை வகுப்புக்குப் பதிலாக ஒரு நோயாளியின் பிரச்சினை. ஐந்தாறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, எது தெரியும், எதைத் தேடிப் படிக்கவேண்டும் என்று தாங்களே பட்டியலிடுவார்கள். வழக்கமான தேர்வையே எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருங்கிணைப்பை விரும்புகிறவர்கள் இதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். தேர்வே இல்லாத அந்த ஏற்பாட்டை மக்மாஸ்டர் பிற்பாடு மாற்றிக்கொண்டது. நாடு தழுவிய உரிமத் தேர்வில் தங்கள் மாணவர்கள் தடுமாறுவதைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் முன்னேற்றத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் மூலம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையிழந்து நின்ற லிம்பர்க் வட்டாரத்தில் 1974இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அது. பட்டம் பெறும் நாளில் ஒரு மருத்துவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்பார்கள். முதலாண்டு மாணவரும் கடைசியாண்டு மாணவரும் ஒரே நாளில் அதே தாளை எழுதுவார்கள். முதலாண்டில் கொஞ்சம்தான் தெரியும், ஆண்டுக்காண்டு கூடும். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத, அதே சமயம் எந்தத் துறையையும் தப்பவிடாத தேர்வு. தேர்வை ஒழிக்கத் தேவையில்லை, அதைப் பொதுவாக்கினால் போதும் என்று மாஸ்ட்ரிக்ட் காட்டியது.

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1986இல் அங்கே மருத்துவ மாணவர்களையும் செவிலிய மாணவர்களையும் பிசியோதெரபி போன்ற பிற படிப்பினரையும் முதல் பத்து வாரங்கள் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ஒரே வார்டில் சேர்ந்து வேலை செய்யப்போகிறவர்கள் சேர்ந்தே படிக்கட்டும் என்பது எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 1988இல் இதே கருத்தை அறிக்கையாக வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த ரொனால்ட் ஹார்டன் 2000இல் ஒருங்கிணைப்புக்கு 11 படிகள் கொண்ட ஓர் ஏணியை வகுத்தார். அடிப்படியில் துறைகள் ஒன்றையொன்று எட்டியும் பார்ப்பதில்லை. நடுப்படிகளில் ஒரே உறுப்பை ஒரே வாரத்தில் அவரவர் வகுப்பில் நடத்துகிறார்கள். உச்சிப்படியில் துறைப் பெயரே மறைந்து, மாணவரின் அனுபவத்தில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. எல்லாரும் உச்சிக்கு ஏறவேண்டும் என்று ஹார்டன் சொல்லவில்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கச் சொன்னார்.

நம் பக்கத்து வரலாறு

நம் நாட்டிலும் இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். சாலையோரத்து மரத்தடிகளில் வண்டியை நிறுத்திக் கிராமத்து நோயாளிகளைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு அதற்கு முன்பே இருந்தது. மாணவிகளும் அந்த வண்டியில் போனார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகக் குடும்பங்களை அறியச் செய்வதை அந்தக் கல்லூரி இன்றும் பாடத்தின் பகுதியாக வைத்திருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன், நாட்டின் சுகாதார நிலையை ஆராய போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு 1943இல் அமைந்து 1946இல் அறிக்கை தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் மகப்பேறு மருத்துவருமான ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதில் உறுப்பினர். நாட்டுக்குத் தேவை ஒரே தரத்து அடிப்படை மருத்துவர். அவர் ஊரின் நோயையும் ஊரின் வறுமையையும் சேர்த்துப் பார்க்கும் சமூக மருத்துவராக இருக்கவேண்டும் என்றது அறிக்கை. படிப்பு முழுவதிலும் இந்தப் பார்வை ஊடுருவவேண்டும் என்பது அதன் ஆசை. நடந்ததோ வேறு. தடுப்பு மற்றும் சமூக மருத்துவம் என்று ஒரு புதிய துறை பிறந்தது. அதற்கு ஒரு தலைவர், தனி வகுப்பு நேரம், தனித் தாள். எல்லாத் துறைகளையும் இணைக்க வந்த எண்ணம் இன்னொரு துறையாக முடிந்தது. அறையும் தாளும் கொடுத்து ஒதுக்கிவைத்தபின், ஊரைப் பற்றிய கவலை அந்தத் துறைக்காரர்களுடையது மட்டும் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

1975இல் ஸ்ரீவாஸ்தவா குழு மருத்துவக் கல்வியைக் கிராமத்தை நோக்கித் திருப்பச் சொன்னது. அந்தப் பரிந்துரையை ஒட்டி 1977இல் ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒப்படைக்கப்பட்டன. எல்லாத் துறைகளின் ஆசிரியர்களும் மாணவர்களோடு அங்கே போகவேண்டும் என்பது ஏற்பாடு. போனவர்கள் பெரும்பாலும் சமூக மருத்துவத் துறையினர். அங்கே கற்றதை மெடிசின் தாளிலோ சர்ஜரி தாளிலோ யாரும் கேட்கவில்லை. கேட்காததை மாணவர்கள் படிப்பதில்லை.

புதுச்சேரி ஜிப்மரில் 1975இல் ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் தொடங்கியது. நானும் அங்கே பயிற்சி பெற்றேன். வகுப்புக்குள் நுழையும் முன் ‘இந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்கவேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதச் சொன்னார்கள். ‘நெஃப்ரானைப் பற்றி அறிதல்’ என்று எழுதியவர்களின் தாள் திரும்பி வரும். அறிந்தாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்பார்கள். என் ஆசிரியப் பணியின் திசையை அந்தக் கேள்வி மாற்றியது.

1997இல் மருத்துவ கவுன்சில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. முதல் கட்டப் படிப்பை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. ஒருங்கிணைத்துக் கற்பிக்கச் சொன்னது. கல்லூரிகள் அந்தச் சொல்லுக்கு ஒரு வழி கண்டுபிடித்தன. மாதம் ஒரு பிற்பகல் பெரிய அரங்கில் ‘ஒருங்கிணைந்த கருத்தரங்கு’ நடக்கும். தலைப்பு சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து துறையினர் ஐந்து விரிவுரைகளை அடுத்தடுத்து நிகழ்த்துவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அரங்கில் இருக்கமாட்டார். இன்சுலின் உருவாவதை மூன்று பேர் மூன்று முறை சொல்வார்கள். வருகைப்பதிவு எடுத்துவிட்டு மாணவர்கள் கலைவார்கள்.

2019இல் வந்த மாற்றம் அதைவிடப் பெரியது. நுழைந்ததும் ஒரு மாத அடித்தளப் பயிற்சி, முதலாண்டிலிருந்தே நோயாளியைக் காணல், அறநெறியும் பேச்சும் கற்பிக்கும் தனிப் பகுதி என்று பலவும் வந்தன. மாணவர் பெறவேண்டிய திறன்களைக் கவுன்சில் மூன்று தொகுதிகளாக 2018இலேயே வெளியிட்டிருந்தது. அனாடமிக்கு மட்டும் 409 திறன்கள், பிசியாலஜிக்கு 137. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே, அதே ஆண்டில் எந்தத் துறையோடு, மேலாண்டுகளில் எந்தத் துறையோடு இணைக்கவேண்டும் என்று காட்ட இரண்டு கட்டங்கள். தேசிய மருத்துவ ஆணையம் வந்தபின், 2022 முதல் மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக்காலம் முழுதும் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்பதும் விதியானது. கிளீவ்லாந்து மாணவருக்கு 1952இல் கிடைத்த குடும்பம் எழுபதாண்டுகள் கழித்து நம் மாணவருக்கும் கிடைத்தது. இதை நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

ஒரு வாரம், ஒரு நோய்

அந்த விதிகளின்படி எங்கள் கல்லூரியில் இரத்தசோகைக்கு ஒரு வாரம் ஒதுக்கினோம். முதலாண்டின் மூன்று துறைகளோடு பேத்தாலஜி, சமூக மருத்துவம், மகப்பேறு ஆகியவையும் சேர்ந்து திட்டமிட்டன.

திங்கட்கிழமை சாலி ஹீமோகுளோபினோமீட்டரோடு தொடங்கினோம். மருத்துவமனைகளில் இப்போது இயந்திரம் எண்ணைத் தந்துவிடுகிறது. ஆனாலும் கற்பிப்பதற்கு அந்தப் பழைய கருவியைப்போல வேறொன்று இல்லை. கோடிட்ட கண்ணாடிக் குழாயின் அடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். விரலைக் குத்தி, பிப்பெட்டில் 0.02 மில்லி இரத்தம் உறிஞ்சி அதில் விடவேண்டும். சிவப்பு மெல்லப் பழுப்பாக மாறும். பத்து நிமிடம் காத்திருந்து, வாலைவடிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கிக் கலக்கி, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒப்பிடவேண்டும். நிறம் ஒத்துப்போகும் இடத்தில் அளவு. வகுப்பில் பல மாணவிகளுக்குக் கோடு 12ஐத் தொடாது. ஆய்வகம் ஒரு கணம் அமைதியாகும். நோய் புத்தகத்திலிருந்து இறங்கித் தன் விரலுக்கு வந்துவிட்டது என்று அவர்களுக்குப் புரியும். அன்று பிற்பகலே பயோகெமிஸ்ட்ரி ஆசிரியர் இரும்பு உறிஞ்சப்படுவதை எடுத்துக்கொள்வார். சாப்பாட்டோடு டீ குடித்தால் உறிஞ்சுதல் ஏன் குறைகிறது, எலுமிச்சை ஏன் உதவுகிறது என்று தன் தட்டை வைத்தே அவர்கள் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். மாணவர்களை அங்கே அழைத்துப்போனோம். அன்றைய ஆசிரியர் கிராம சுகாதார செவிலியர். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 8 கிராம்கூட இல்லை. போன மாதம் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் பையில் இருந்தது.

“ஏம்மா, மாத்திரை ஒண்ணுகூட முழுங்கலையா?” என்றார் செவிலியர்.

“முழுங்குனா கொமட்டுதுக்கா. வெளிக்கு வேற கருப்பாப் போகுது. புள்ளையும் கருப்பாப் பொறக்கும்னு அத்தை சொல்றாங்க.”

செவிலியர் கோபப்படவில்லை. “இரும்புல மிச்சம் வெளியேறுறதுதான் அந்தக் கருப்பு. புள்ளை நெறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ராத்திரி சாப்பிட்டுப் படுக்கறப்போ போடு, கொமட்டல் தெரியாது. அடுத்த தடவை வர்றப்போ அத்தையையும் கூட்டிட்டு வா, நான் பேசுறேன்” என்றார்.

மாத்திரையின் பக்கவிளைவு, அதைத் தவிர்க்கும் நேரம், மருந்தை யார் முடிவுசெய்கிறார்கள் என்ற வீட்டு நிலவரம் மூன்றும் ஒரே பேச்சில் அடங்கிவிட்டன. பார்மகாலஜி, சமூக மருத்துவம், தொடர்புத்திறன் என்று நாங்கள் மூன்று கட்டங்களில் எழுதிவைத்திருந்ததை அந்த அம்மா அறியாமலே சேர்த்துவைத்தார். லின்ஷோப்பிங்கில் செவிலிய மாணவர்களை ஏன் சேர்த்து உட்காரவைத்தார்கள் என்பது அன்றைக்கு எனக்கு முழுதாக விளங்கியது. மருத்துவக் கல்லூரிக்கும் செவிலியர் கல்லூரிக்கும் ஒரே மருத்துவமனைதான். ஆனால் இரண்டு கூட்டத்தாரும் ஒரு வகுப்பில் ஒருநாளும் சந்திப்பதில்லை.

வார இறுதியில் பேத்தாலஜி ஆசிரியர் அந்தப் பெண்ணுடையதைப் போன்ற இரத்தப் பூச்சை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நடுவே வெளிறி, ஓரத்தில் மட்டும் நிறம் தேங்கிய சிறிய அணுக்கள். அவை ஏன் சிறுத்தன என்று திங்கட்கிழமைப் பாடத்திலிருந்தே மாணவர்கள் பதில் சொன்னார்கள்.

அந்த வாரம் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. செவ்வாய்க்கிழமை வருகைப்பதிவை எந்தத் துறையின் பதிவேட்டில் ஏற்றுவது? தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் என்று வருகையைப் பாடவாரியாகத்தான் கணக்கிடுகிறார்கள். ஆறு துறை நடத்திய நாளுக்கு ஏழாவது பதிவேடு கிடையாது. ஒவ்வொரு துறையும் தன் மணி குறைகிறதே என்று கவலைப்பட்டது. அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது. மணி குறைந்தால் ஆய்வுக்கு வருபவர்கள் அந்தத் துறையைத்தான் கேள்வி கேட்பார்கள். ஆண்டிறுதிப் பல்கலைக்கழகத் தேர்வில் அனாடமிக்கு இரண்டு தாள், பிசியாலஜிக்கு இரண்டு தாள், பயோகெமிஸ்ட்ரிக்கு இரண்டு தாள். அந்தக் கர்ப்பிணி எந்தத் தாளிலும் முழுதாக வரமாட்டாள். அடுத்த ஆண்டு திட்டமிட உட்கார்ந்தபோது ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மேடம், பசங்க நல்லாத்தான் கத்துக்கிட்டாங்க. ஆனா எக்ஸாமுக்கு இது உதவாதே!”

என் வேண்டுகோள்

1946, 1977, 1997, 2019 என்ற நான்கு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாடத்தை இணைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் பதிவேடும் தாளும் துறைகளிடமே இருந்தன. கிளீவ்லாந்து இரண்டையும் பொதுவாக்கியது, மாஸ்ட்ரிக்ட் தேர்வைப் பொதுவாக்கியது. அங்கே ஒருங்கிணைப்பு வேர்பிடித்தது. நம் ஆசிரியர்களுக்கு அறிவோ அக்கறையோ குறைவு என்று யாரும் எண்ணவேண்டாம். தன் பாடத்தை நேசிக்கும் ஆசிரியர் அதற்குரிய நேரத்தைக் காக்கத்தான் பார்ப்பார். துறைகளின் ஆழம் எனக்கும் வேண்டும். வேர்னின் தவளைச் சோதனை இல்லாமல் சிறுநீரகப் பாடம் இல்லை. ஆனால் அந்த ஆழத்தை அளக்கும் கோல் நோயாளியாக இருக்கவேண்டும்.

பல்கலைக்கழகத் தாள்கள் மாறக் காலம் பிடிக்கும். உள்மதிப்பீட்டுத் தேர்வுகளோ இன்றைக்கே கல்லூரிகளின் கையில் இருக்கின்றன. பணி ஓய்வுக்கு முன் எங்கள் கல்லூரியில் நானும் சில சகாக்களும் அதிலிருந்து தொடங்கினோம். ‘24 வயதுப் பெண், ஐந்தாம் மாதம், ஹீமோகுளோபின் 7.8’ என்று ஒரே ஒரு நோயாளி. ஹீமோகுளோபின் உருவாகும் படிகளைப் பற்றி ஒரு கேள்வி, முன்சிறுகுடலின் திசுவைப் பற்றி ஒன்று, அவள் ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்பது பற்றி ஒன்று. துறைக்கு ஒருவராக உட்கார்ந்து அதே விடைத்தாளைத் திருத்தினோம். பிசியாலஜி பதிலில் இருந்த பிழையை அனாடமி ஆசிரியர் சுட்டினார். என் மாணவர்கள் எதைக் கோட்டைவிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. அந்தத் தேர்வுக்குப் பிறகு பிசியாலஜி வகுப்பில் மாணவர்கள் மருந்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். தேர்வு எங்கே போகிறதோ அங்கே படிப்பும் போகும் என்பதை நல்ல வழியிலும் பயன்படுத்த முடியும்.

பருவத்துக்கு ஒரு பொதுத்தாள், அதன் வருகைக்கு ஒரு பொதுப் பதிவேடு, வாய்ப்புள்ள இடத்தில் செவிலிய மாணவர்களுக்கும் அதே வகுப்பில் இடம். பல்கலைக்கழகமும் ஆணையமும் பிறகு வந்து சேரட்டும். இதைத் தொடங்க ஒரு கல்லூரிக்குப் புதிய கட்டடமோ நிதியோ தேவையில்லை. துறைத் தலைவர்கள் ஒரு பிற்பகல் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நோயாளிக்கு ஒரே கேள்வித்தாள் எழுதினால் போதும்.